ரிவிட் அடித்த கேபினெட்டைப் பிரிக்க: டிரில்லா, கிரைண்டரா, உளியா?

கம்ப்யூட்டர் கேபினெட்டின் உட்புறம் முழுக்கப் பெயின்ட் அடிக்கவோ, ஹார்டு டிரைவ் கூண்டை எடுத்துவிட்டு வாட்டர் கூலிங் ரேடியேட்டர் வைக்கவோ நினைத்தால் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவிட்டுகளைக் கழற்றித்தான் ஆகவேண்டும். எந்த வழியில் இறங்கினாலும் மதர்போர்டு, பவர் சப்ளை, ஃபேன் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். உலோகத் துகள் ஒன்று போதும், ஷார்ட் ஆக. அலுமினியத் துகள் காந்தத்தில் ஒட்டாது என்பதால் வேலை முடிந்ததும் வேக்குவம் போட்டே ஆகவேண்டும்.

பெரும்பாலான கேபினெட்டுகளுக்கு டிரில்தான் சரி. அவற்றில் பொதுவாக இருப்பது 3.2 மி.மீ. பாப் ரிவிட். உடல் அலுமினியம், உள்ளே முறிந்து நிற்கும் ஆணி இரும்பு. ஆணியை அப்படியே விட்டு டிரில் போட்டால், பிட் இரும்பில் வழுக்கி மென்மையான அலுமினியத்தைத் தின்றுகொண்டு ஒரு பக்கமாக ஓடும். தகட்டுத் துளை கோணலாகிவிடும். 1.5 மி.மீ. பஞ்சால் (punch, சுத்தியலால் அடித்துத் தள்ள உதவும் இரும்புக் கம்பி) ஆணியைப் பின்பக்கம் தட்டித் தள்ளுங்கள். அந்தக் குழியே பிட்டை நேராகப் பிடித்துக்கொள்ளும். 3.2 மி.மீ. பிட், குறைந்த வேகம். தலை தனியே கழன்று பிட்டில் வளையம்போல் ஏறியதும் நிறுத்திவிடுங்கள். மிச்ச உடலைப் பஞ்சால் தட்டினால் விழுந்துவிடும்.

சில ரிவிட்டுகள் பிட்டோடு சேர்ந்து சுற்றும். அழுத்தினால் சூடுதான் ஏறும், அறுபடாது. பின்பக்க வாலைக் குறட்டால் பிடியுங்கள். கை எட்டாவிட்டால் தலைக்கு அடியில் தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையைச் செருகி இறுக்குங்கள்.

அதற்கும் அடங்காதவற்றுக்கும், முழு இரும்பு ரிவிட்டுகளுக்கும் கிரைண்டர். வேகமானதுதான், ஆனால் சூட்டில் சுற்றியுள்ள பெயின்ட் கருகும், டிஸ்க் தகட்டில் கோடு போடும். பழைய பெயின்ட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் பக்கமே போகவேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

உளியைப் பரிந்துரைக்க மனமில்லை. ஒரு மி.மீ.கூட இல்லாத தகடு அடி தாங்காது. ஒருமுறை நெளிந்தால் பக்கக் கதவு சரியாக உட்காராது.

ரிவிட் மாதிரித் தெரியும் வட்டக் குழிவுகளும் உண்டு. அவை தகட்டையே அழுத்திச் சேர்த்தவை, ஆணி இருக்காது. நடுவில் சென்டர் பஞ்சால் (கூர்முனைப் பஞ்ச்) ஒரு குழி குத்திய பிறகே டிரில் வைக்கவேண்டும்.

திரும்பச் சேர்க்கும்போது, இனி பிரிக்கத் தேவையில்லாத மூலைகளுக்குப் புது 3.2 மி.மீ. ரிவிட்டே நல்லது, அதிர்வில் தளராது. அடிக்கடி கழற்றும் இடத்துக்கு எம்3 (3 மி.மீ.) போல்ட், நைலான் பூட்டு நட்டு. அதே துளையில் அப்படியே நுழையும். பின்பக்கம் கை போகாத இடத்தில் மட்டும் ரிவ்நட் (ரிவிட்போலத் தகட்டில் பிடித்துக்கொள்ளும் நட்டு). எம்3 ரிவ்நட்டுக்குத் துளையை ஏறக்குறைய 5 மி.மீ. வரை பெரிதாக்க வேண்டியிருக்கும், விளிம்போரத் துளை என்றால் தகடு கிழியலாம். தகட்டிலேயே டேப் (tap, மரை வெட்டும் கருவி) போட்டு மரை எடுப்பது வீண்: 0.7 மி.மீ. தகட்டில் எம்3 மரை ஒன்றரைச் சுற்றுகூட நிற்காது.

பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. தகடுகள் சேரும் இடத்திலும் பவர் சப்ளை ஸ்க்ரூ உட்காரும் இடத்திலும் கொஞ்சம் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி விட்டு முடுக்குங்கள். இல்லையென்றால் எர்த் தொடர்பு அறுந்துபோகும்.