1064-க்கு அழைத்தால் என்ன நடக்கும்? லஞ்ச ஒழிப்புத் துறையின் புகார்ச் சேவை, ஒரு மதிப்பீடு

பட்டா மாறுதலுக்கோ வாரிசுச் சான்றுக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ மனு கொடுத்தாயிற்று. அலுவலர் பணம் கேட்கிறார், கொடுக்க மனமில்லை. இந்த நிலையில் இருப்பவருக்காகத் தமிழ்நாடு அரசு நடத்துவதுதான் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம். மக்கள் வாயில் அது லஞ்ச ஒழிப்புத் துறை. 1964-இல் தொடங்கியது, தலைமையகம் சென்னை ஆலந்தூரில், மாவட்டங்களில் பிரிவு அலுவலகங்கள். கட்டணமில்லா எண் 1064. இங்கே பார்க்கப்போவது பொறி வைத்துப் பிடிக்கும் வேலையை மட்டும். சொத்துக் குவிப்பு வழக்குகளில் சாதாரண மனுதாரருக்குப் பங்கில்லை.

1064-க்கு அழைப்பதே புகார் ஆகிவிடாது. அந்த அழைப்பு உங்களை மாவட்டப் பிரிவோடு சேர்த்துவிடும். கையெழுத்திட்ட புகார் இருந்தால்தான் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். அதற்குப் பிறகுதான் பொறி. பெயரில்லாத மனுவை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. "நாளைக்கே பணத்தோடு வா" என்று சொல்லியிருந்தால் போனில் நேரத்தைக் கழிக்காமல் நேரே பிரிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

புகாரை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. கேட்டவரின் பெயர், பதவி, அலுவலகம். உங்கள் மனுவின் எண்ணும் தேதியும். எந்த நாள், எந்த இடத்தில், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார். முதலில் எவ்வளவு, பேரம் பேசிய பிறகு எவ்வளவு. அப்போது பக்கத்தில் யார் இருந்தார். எப்போது கொண்டுவரச் சொன்னார். கடைசியில், "லஞ்சம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை" என்ற வரி கட்டாயம். இ-சேவை மையத்தின் ஒப்புகைச் சீட்டை இணையுங்கள்.

பலரும் கோட்டை விடுவது வேறோர் இடத்தில். கோப்பு அந்த அலுவலரிடம்தான் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. உட்பிரிவு இல்லாத, அதாவது நிலத்தைப் பிரித்து அளக்கத் தேவையில்லாத பட்டா மாறுதல் மனு முதலில் வி.ஏ.ஓ.விடம் போகும், உட்பிரிவு உள்ளது நில அளவரிடம் போகும். அவர் அறிக்கை அனுப்பி முடித்த பிறகு பொறி வைத்தால், "என்னிடம் எந்த வேலையும் நிலுவையில் இல்லை, நான் எதற்குக் கேட்கப்போகிறேன்?" என்று நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு கேட்கும். புகார் கொடுக்கும் நாளில் மனுவின் நிலையை இணையத்தில் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசியது பதிவாகியிருந்தால் நல்ல ஆதாரம். ஆனால் வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறார்கள். பதிவு நடந்த கைபேசி, வெட்டாத மூலக் கோப்பு, சட்டம் கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழ் ஆகிய மூன்றும் வேண்டும். ஜிபே மூலம் இடைத்தரகருக்கோ அலுவலரின் உறவினருக்கோ ஏற்கெனவே முன்பணம் போயிருந்தால் அதை மறைக்காதீர்கள். பரிவர்த்தனை எண்ணோடு எழுதுங்கள். இடைத்தரகரும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவில் வருகிறார்.

இனிப் பொறி வைக்கும் நாள். செய்தித்தாளில் "ரசாயனம் தடவிய நோட்டு" என்று ஒரு வரியில் முடிந்துபோகும் வேலைக்குப் பின்னால் கவனமான நடைமுறை இருக்கிறது. பணத்தைப் பெரும்பாலும் புகார்தாரரே கொண்டுவர வேண்டும். வேறு துறைகளைச் சேர்ந்த அரசு ஊழியர்கள் இருவர் சாட்சிகளாக வருவார்கள். அவர்கள் முன்னிலையில் நோட்டுகளின் வரிசை எண்களை மகஜரில் (சாட்சிகள் கையெழுத்திடும் பதிவில்) குறித்துக்கொண்டு, நோட்டுகளில் ஃபினால்ப்தலீன் பொடி தடவுவார்கள். சோடியம் கார்பனேட் கரைசலுக்கு நிறமில்லை. பொடி பட்ட விரலை அதில் நனைத்தால் இளஞ்சிவப்பாகிவிடும். இதை அங்கேயே செய்துகாட்டுவார்கள். பிறகு நோட்டுகளை உங்கள் சட்டைப் பையில் வைத்து, இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்வார்கள்: அவர் கேட்காமல் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அதுவரை நோட்டைத் தொடவும் கூடாது. ஒரு சாட்சி உங்களோடு உள்ளே வருவார், பேச்சைக் கேட்பதற்காக. பணம் கைமாறியதும் நீங்கள் சைகை காட்ட வேண்டும். போலீசார் உள்ளே வந்து, அலுவலரின் இரு கைகளையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் நனைக்கச் சொல்லி, நிறம் மாறிய கரைசலைப் பாட்டிலில் ஊற்றி, முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

கை சிவந்தால் மட்டும் தண்டனை கிடைத்துவிடாது. பணம் கைப்பற்றப்பட்டது போதாது, அலுவலர் அதைக் கேட்டார் என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அதனால்தான் உள்ளே நடக்கும் பேச்சு முக்கியம். "சார், கொண்டு வந்திருக்கேன்" என்று நீங்களே நீட்டிவிட்டால் வழக்கு பலவீனம். "சார், என் மனு என்னாச்சு?" என்று கேளுங்கள். அவர் பணத்தைப் பற்றிப் பேசும்வரை பொறுத்திருங்கள். புகார்தாரர் இறந்துபோனாலோ, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியானாலோ மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலைச் சான்றுகளையும் கொண்டு, கேட்டதையும் வாங்கியதையும் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது பெரிய ஆறுதல். ஆனாலும் நேரே கேட்ட சாட்சி பேசுவதற்கு இணையில்லை.

"கொடுத்தவன் மேலேயே கேஸ் போடுவாங்க" என்ற பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். 7 ஆண்டு வரை சிறை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அது குற்றமாகாது. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு அவர்களுக்கு உதவுவதற்காகக் கொடுப்பதும் குற்றமில்லை. ஆகவே முதல் தவணையைக் கொடுத்துவிட்டவர்கள் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பதில் இந்தச் சேவையைத் தாராளமாகப் பாராட்டலாம். குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது. வழக்கை நீதிமன்றம் ஏற்க, அந்த அலுவலரைப் பணியிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ளவரின் அனுமதி ஆணை வேண்டும்; சட்டம் தரும் காலம் 3 மாதம், தேவைப்பட்டால் இன்னும் 1 மாதம். விசாரணையை 2 ஆண்டுக்குள், நீட்டித்தாலும் 4 ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வழக்குகள் அதைத் தாண்டி இழுக்கின்றன. அந்த இடைவெளியில்தான் சமரசம் பேச ஆட்கள் வருகிறார்கள், சாட்சி பிறழ்கிறார். வழக்கின் போக்கை அறிவதும் எளிதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து இந்தத் துறைக்கு 2008-இல் மாநில அரசு விலக்கு அளித்தது. ஆனால் அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஊழல் குற்றச்சாட்டும் மனித உரிமை மீறலும் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு செல்லாது என்கிறது. மனு போடும்போது அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, புகார்தாரர் எதற்காக அந்த அலுவலகப் படியேறினாரோ அந்த வேலை அப்படியே நிற்பது. அலுவலர் கைதாகிறார், பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார். பட்டா? அது அவர் மேசையில் கிடக்கிறது, அல்லது வழக்கு ஆவணமாகப் போய்விடுகிறது. புதிதாக வருபவர் அந்தக் கோப்பைத் தொடத் தயங்குகிறார். லஞ்சத்தால் ஏற்படும் கேட்டை வெறும் பணக் கணக்காகப் பார்ப்பதால் வரும் கோளாறு இது. வாரிசுச் சான்று இல்லாவிட்டால் கணவர் வங்கியில் விட்டுப்போன பணம் மனைவிக்கு வராது. பட்டா இல்லாவிட்டால் பயிர்க்கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அலைய வேண்டும். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு 3,000 ரூபாய் கேட்டால், அந்தப் பாட்டியின் இரண்டரை மாத அரிசியும் மருந்தும் முன்கூட்டியே பறிபோகிறது. கொடுக்க முடியாதவர் மனுவே போடுவதில்லை. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் வரமாட்டார். ஊழல் மனித உரிமைகளைச் சிதைக்கிறது, முறைப்படுத்தப்பட்ட ஊழல் தானே ஒரு மனித உரிமை மீறல் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் எழுதியது. அப்படியென்றால் மீறியவரைப் பிடிப்பதோடு, மீறப்பட்ட உரிமையைத் திருப்பித் தருவதும் இந்தச் சேவையில் சேர வேண்டும். அரசுச் சேவைகளைக் குறித்த நாளுக்குள் தர வேண்டும் என்று சொல்லும் கர்நாடகத்தின் சகாலா சட்டம், தாமதமான சேவைக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை மனுதாரருக்கு இழப்பீடு தருகிறது. தொகை சின்னதுதான், ஆனால் தாமதத்துக்கு ஆள் பொறுப்பாகிறார்.

இந்தச் சேவை யாருக்கு ஏற்றது? ஒரே ஒரு வேலைக்காக அலுவலகம் போகிறவர் துணிந்து இறங்கலாம். மாதாமாதம் அதே வி.ஏ.ஓ. அலுவலகத்தையே நம்பியிருக்கும் சிறு விவசாயி தனியாகப் போவது கடினம். சங்கமோ உள்ளூர் வழக்கறிஞரோ துணை வேண்டும். ரயில்வே, அஞ்சல், பி.எஃப். போன்ற மத்திய அரசு அலுவலகமானால் சி.பி.ஐ.யின் ஊழல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பொறி வைத்த அன்றே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், கட்டணமில்லை. கொண்டுபோன பணம் வழக்குச் சொத்தாகிவிடும் என்பதால் அதைத் திரும்பப் பெறும் மனுவை எழுதிக் கொடுங்கள். அடுத்த திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் குற்ற எண்ணையும் மனு எண்ணையும் குறிப்பிட்டு, கோப்பை வேறோர் அலுவலரிடம் ஒப்படைத்து முடிக்கும்படி கேளுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். உண்மையில் இந்தக் கடிதத்தை முதல் தகவல் அறிக்கையோடு சேர்த்து லஞ்ச ஒழிப்புத் துறையே ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். ஒரு பக்கக் கடிதம்தான் அது.