பிரானா என்று சொல்லி 28,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்: திருகோணமலை மீன் வளர்ப்பாளர்கள் கவனம்

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன். திருகோணமலை நகரத்தில் உள்ள ஒரு அலங்கார மீன் கடையில் நான்கு மீன்கள் வாங்கினேன். ஒன்று 7,000 ரூபாய், மொத்தம் 28,000. "சிவப்பு வயிற்றுப் பிரானா, அசல் சாமான்" என்றார்கள். பிரானா என்றால் கூரான பல்லால் சதையைக் கடித்துத் தின்கிற தென் அமெரிக்க ஆற்று மீன்.

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்கள். கடைப் பையன் முழங்கை வரைக்கும் தடித்த கையுறை போட்டுக்கொண்டுதான் வலையையே எடுத்தான். என் மகன் தொட்டிக்குக் கிட்டப் போனதும், "அண்ணா, தம்பிய இழுங்க, விரல் போயிரும்!" என்று கத்தினான். பையை இரண்டு மடிப்பாகக் கட்டித் தந்தான். இவ்வளவும் செய்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

வீட்டில் மீன் துண்டு போட்டால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஆனால் தொட்டியில் நட்டிருந்த செடியெல்லாம் மொட்டை. கங்குன் இலை போட்டால் பாய்ந்து பாய்ந்து தின்றன. மீன் வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்ட மாமா ஒருவர் வந்து, ஒன்றை வலையில் எடுத்து வாயைத் திறந்து காட்டினார். பிரானாவுக்கு இருக்கவேண்டிய கூரான முக்கோணப் பல் ஒன்றுகூட இல்லை. நம்முடைய கடைவாய்ப் பல் மாதிரி சதுரம் சதுரமாக இருந்தது. இது பக்கு. அமேசன், ஒரினோக்கோ ஆறுகளில் வெள்ளம் ஏறும் காட்டில் விழுகிற பழத்தையும் விதையையும் தின்று வாழ்கிற மீன். குஞ்சில் வயிறு சிவப்பாக இருப்பதால் அப்படியே பிரானா மாதிரித் தெரியும். விலையோ நான் கொடுத்ததில் கால்வாசிகூட வராதாம்.

கடைக்குப் போனால், "அதுவும் பிரானாக் குடும்பம்தானே அண்ணா" என்கிறான். சரி, குடும்பத்துக்கா 28,000 ரூபாய்? அடுத்த தடவை, "உங்கட தண்ணி சரியில்ல, அதான் குணம் மாறிட்டு" என்றான். அப்புறம் முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். வாட்ஸ்அப்பில் பார்த்த அடையாளம் விழுகிறது, பதில் இல்லை. பில்லில் எழுதியிருப்பது "அலங்கார மீன் 4" என்று மட்டும்.

இன்னொரு கொடுமை, "அரை அடிக்கு மேல வளராது" என்றும் சொல்லியிருந்தார்கள். இது 80 சென்ரிமீற்றரைத் தாண்டும், 25 கிலோ வரை வரும். என்னுடையது மூன்றடித் தொட்டி! பாவம், மீன் என்ன செய்யும்.

வாங்குகிறவர்கள் பல்லைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் மீனின் பெயரை எழுதி வாங்குங்கள். வளர்ந்துவிட்டதென்று கந்தளாய்க் குளத்திலோ மகாவலியிலோ தயவுசெய்து விடவேண்டாம். என் 28,000 ரூபாய் இன்னும் வரவில்லை, அந்தக் கடையில் மிச்சக் குஞ்சுகளை நேற்றும் பிரானா என்றுதான் விற்றுக்கொண்டிருந்தார்கள்.