ஆள் தரும் பல்கலைக்கழகமா, விடை தேடும் பல்கலைக்கழகமா?

கொங்கு நாட்டின் பல்கலைக்கழகங்கள் இனி எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதற்கு இரண்டு வழிகள் பேசப்படுகின்றன.

முதல் வழி, பாடத்திட்டத்தைத் தொழில்துறையின் தேவைக்கேற்ப அமைப்பது. கோவையின் பம்ப்செட், வார்ப்படப் பட்டறைகளும் திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களும் ஆள் கேட்கின்றன. படித்து முடித்த கையோடு வேலை என்பது, முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளையின் வீட்டுக்குச் சிறிய செய்தி அன்று. ஆயினும் ஓர் இயந்திரத்துக்கென்றே பழக்கப்பட்டவர், அந்த இயந்திரம் மாறும்போது தனித்து விடப்படுகிறார்.

இரண்டாவது வழி, வட்டாரத்தின் சிக்கல்களையே ஆய்வுக்களமாகக் கொள்வது. 1912இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், நாட்டுக் காட்டுக்கரும்பைக் கலந்து உருவாக்கிய ரகங்கள் வடஇந்திய வயல்கள்வரை சென்றன. பல்கலைக்கழகமாக இல்லாவிடினும், பொறுமையான ஆய்வு என்ன தரும் என்பதற்கு அதுவே சான்று. நொய்யல் ஆறு மாசுபட்டதால் 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பின்னர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்களோடு அவை இயங்கத் தொடங்கின. ஆனால் நீரைப் பிரித்தபின் எஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் தேங்குகிறது. அதைப் பயனுள்ள பொருளாக்கும் வேதியியலை, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக்கூடிய ஆய்வகமே செய்ய இயலும்; ஏற்றுமதித் தேதிக்கு ஓடும் நிறுவனத்தால் இயலாது.

என் சாய்வு இரண்டாவது வழிக்கே. அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் இரவுப்பணி பார்க்கும் நாற்பது வயதுக்காரரும் வயது வரம்பின்றி வகுப்பில் சேரவும், அவருடைய பட்டறிவு ஆய்வில் இடம்பெறவும் விதிகளை முதலில் திருத்த வேண்டும்.