இசாண்ட்ல்வானாவா, பம்பாத்தாவா?

ஜூலு மக்களின் எதிர்ப்பு வரலாற்றைப் பார்க்க தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இசாண்ட்ல்வானாவுக்குத்தான் போவார்கள். 1879 ஜனவரி 22 அன்று ஜூலு படை பிரிட்டிஷ் முகாமை அழித்த இடம் அது. பிரிட்டிஷார் இறந்த இடங்களில் வெள்ளையடித்த கற்குவியல்கள். ஜூலு வீரர்களுக்கு, வீரத்துக்கு அணிவிக்கும் கழுத்து மாலை வடிவில் பெரிய வெண்கலச் சின்னம். வெற்றிக்கதை என்பதால் பார்க்கவும் சொல்லவும் எளிது.

பம்பாத்தாவின் 1906 எழுச்சி அப்படியல்ல. வயது வந்த ஆண்கள் ஒரு பவுண்டு தலைவரி கட்ட வேண்டும் என்றது அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் அரசு. கிரேடவுன் பக்கத்து சோண்டி இனத் தலைவர் பம்பாத்தா ஆயுதம் எடுத்தார். ஜூன் 10, மோமே பள்ளத்தாக்கு: அங்கே அரசுப் படை நடத்தியதைப் போர் என்பதைவிடப் படுகொலை என்பதே பொருத்தம். அந்த எழுச்சியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இறந்தார்கள். பம்பாத்தாவுடையது என்று ஒரு தலையை வெட்டி அடையாளம் காட்டினார்கள். அவர் மொசாம்பிக்குக்குத் தப்பினார் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஜூலு அரச குடும்பத்தின் தினுசூலுவுக்கும் சிறை.

நமக்குச் சங்கடமான ஒரு சேதியும் இதில் உண்டு: பிரிட்டிஷ் தரப்பில் இந்திய ஸ்ட்ரெச்சர் குழுவை நடத்தியவர் காந்தி. ஆனால் அவர்கள் பராமரித்தது பெரும்பாலும் காயம்பட்ட ஜூலுக்களை.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு பம்பாத்தாவுக்கே. 2006 நூற்றாண்டு விழாவில்தான் அவரைத் தேசிய வீரராக அறிவித்தார்கள், தபால்தலையும் வந்தது.