ஒன்பது டப்பா பொம்மை ரேக்: ஆறு மாதம் கழித்து

எங்கள் வீட்டில் நான்கு வயதுப் பையன். ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகும்போது காலில் பிளாக் எதுவும் குத்தவில்லை என்றால் அது நல்ல நாள் என்ற நிலையில்தான் ஆன்லைனில் இந்த ரேக்கை 2,400 ரூபாய்க்கு வாங்கினோம்.

டப்பாக்கள் மூடியில்லாமல் முன்பக்கம் சாய்ந்திருப்பதுதான் இதில் நல்ல விஷயம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரிகிறது, அவனே எடுக்கிறான். திருப்பி வைப்பது மட்டும் நடக்கவில்லை. டப்பாவில் பெயர் எழுதி ஒட்டினேன் (படிக்கத் தெரியாத பிள்ளைக்கு!), அப்புறம் கார், மாடு, கிரேயான் என்று படம் ஒட்டிய பிறகுதான் மாட்டை மாட்டு டப்பாவில் போட ஆரம்பித்தான், அதுவும் மனசு வந்தால்.

ஆனால் ரேக் எடையே இல்லை. மேல் தட்டில் மரக்கட்டைகளை அடுக்கியிருந்தோம், ஒருநாள் இவன் கீழ்த்தட்டில் ஏறி நிற்க, மொத்தமும் முன்னால் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, பாட்டி பக்கத்திலேயே இருந்து பிடித்துவிட்டார். சுவரோடு பொருத்த ஒரு கிளாம்ப்கூடப் பெட்டியில் தரவில்லை. ஹார்டுவேர் கடையில் ‘எல்’ ஆங்கிள் இரண்டு வாங்கி, சுவரில் துளை போட்டு முடுக்கினேன், கனமானதை எல்லாம் அடித்தட்டுக்கு மாற்றினேன். துளை போட வீட்டு ஓனர் விடமாட்டார் என்றால் இதை வாங்காதீர்கள், இரண்டு பிளாஸ்டிக் கூடை போதும்.