சொந்த டிசைனில் துணி: டிஜிட்டலா, ஸ்கிரீனா, கட்டையா?

சன்னல் திரைக்காக நானே வரைந்த ஓர் இலை டிசைனில் ஆரம்பித்தது இது. முதலில் டிஜிட்டல் (கணினி ஃபைலிலிருந்து நேராக அச்சு), அப்புறம் ஸ்கிரீன் (வலை வழியே மையைத் தள்ளுவது), கடைசியில் லினோ கட்டை (செதுக்கிய பலகையை முத்திரைபோல் குத்துவது) என்று ஒரே இலையை மூன்று விதமாக அச்சடித்துப் பார்த்தேன். இப்போது கையில் நிற்பது கட்டைதான். அதனால் இந்த அலசலில் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். நிறைய நிறங்கள், ஒன்றில் ஒன்று கரையும் சாயல், புகைப்படம் என்றால் டிஜிட்டல்தான், வேறு பேச்சே இல்லை. ஓரிரு நிறம், மெல்லிய கோடு, ஒரே டிசைனில் ஐம்பது துணிப்பை என்றால் ஸ்கிரீன். ஒரு நிறம், கொஞ்சம் தடித்த உருவம், சில மீட்டர் துணி என்றால் கட்டை.

டிஜிட்டலில் வீட்டில் மை வாசமே கிடையாது. ஃபைலை அனுப்பினால் துணி வந்துவிடும். உழைப்பு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு கட்டத்தை வரைவதில்தான். 20 செ.மீ. கட்டத்துக்கு 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) போதும், அதாவது சுமார் 1,180 பிக்சல். ஆனால் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். என் ஃபைலில் ஓர் இலையின் நுனி ஓரத்தில் மயிரிழை அளவு வெட்டுப்பட்டிருந்தது. கணினியில் ஓரங்களை நடுவுக்கு நகர்த்திப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை. நான்கு மீட்டர் துணியிலும் 20 செ.மீ.க்கு ஒரு தடவை அந்த வெட்டு வரிசையாக நின்றது. கட்டையிலும் தப்பு வரும், ஆனால் வைக்கிற இடத்துக்கு இடம் வேறு வேறு தப்பாக வருவதால் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, கணினித் திரையில் ஒளிரும் பச்சை துணியில் அப்படியே வராது. உள்ளங்கை அளவு துணியிலாவது முதலில் அச்சடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கிரீன்தான் எனக்கு ரொம்ப ஆசை காட்டியது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில் எமல்ஷன் என்ற ஒளி உணரும் கூழைப் பூசி இருட்டில் காயவைக்க வேண்டும். டிசைன் அச்சிட்ட ஃபிலிமை அதன்மேல் வைத்து ஒளி காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகிவிடும்; கறுப்புக்கு அடியில் இருந்த இடம் தண்ணீரில் கரைந்து வழி விடும். முதன்முதலில் இலை நரம்பு வலையில் திறந்துகொண்டதைப் பார்த்தபோது குழந்தைபோல் குதித்தேன். மையை வலையில் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்க்யூஜியால் ஓர் இழுப்பு, ஓர் இலை. வேகத்தில் கட்டை இதன் பக்கத்திலேயே நிற்க முடியாது.

என் முடிவை மாற்றியது அச்சடிக்கும் நேரமல்ல, அச்சடித்து முடித்த பிறகு வரும் அரை மணி நேரம். துணிக்கான பிக்மென்ட் (நிறத்தூள்) மையில் இருக்கும் பைண்டர் என்ற பசைதான் நிறத்தை இழையோடு ஒட்டவைக்கிறது. அது காய்ந்தால் கிட்டத்தட்ட பிளாஸ்டிக், தண்ணீருக்கு மசியாது. துணியில் அதுதான் நமக்கு வேண்டும். வலைக் கண்ணில் அதே வேலையைச் செய்தால்தான் வம்பு. துணிக்குப் பரவலாகப் பயன்படும் 43டி வலையில் ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை. அத்தனை சின்னக் கண்கள் அடைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஒருநாள் நடுவில் ஃபோன் வந்தது. பேசிவிட்டு வந்து இழுத்தால் இலை இருக்கிறது, நரம்பைக் காணோம். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்ததில் எமல்ஷன்தான் பிய்ந்து வந்தது. புதிதாகப் பூசி, காயவைத்து, ஒளி காட்டி, எல்லாம் முதலிலிருந்து. ஒழுங்காக அச்சடித்த நாளிலும் உடனே தண்ணீர் பீய்ச்சிக் கழுவியே ஆக வேண்டும். கழுவிய சட்டம் காயவும் நிற்கவும் இடம் வேண்டும். தனி அறையும் பெரிய தொட்டியும் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்குக் குளியலறை ஒன்றுதான், அதற்கு வெளியே வரிசையும் நிற்கும்.

கட்டையில் நனைந்த துணியால் ஒரு துடைப்பு, செதுக்கிய பள்ளங்களில் அதே பிரஷ்ஷால் இரண்டு தேய்ப்பு. முடிந்தது. இடையில் ஃபோன் வந்தாலும் குடி முழுகாது. என் முதல் இலைக்கட்டை செய்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் அலமாரியிலிருந்து எடுத்தேன், தூசி தட்டினேன், தலையணை உறைக்கு அடித்தேன். இதற்குப் பராமரிப்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. ஊறவைக்க மட்டும் கூடாது: ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியின்மேல் படியவைத்ததுதான் லினோ, முதுகு நனைந்தால் வளையும். வயதானால் இறுகவும் செய்யும். செதுக்கும் முன் லேசாகச் சூடு காட்டினால் கத்தி சுலபமாக ஓடும்.

சிரமம் இல்லை என்று சொல்லமாட்டேன். உருவத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும். எழுத்து என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். மேசையில் கம்பளி விரித்து அதன்மேல் துணியைப் போட்டால்தான் மை சமமாக இறங்கும். புதுத் துணியின் கஞ்சி போகத் துவைத்திருக்கவும் வேண்டும். நான் மையை உருளையால் தேய்ப்பதில்லை, ஸ்பாஞ்சால் ஒற்றுகிறேன். பள்ளத்தில் தேங்குவது குறைகிறது. வரிசை பிடிக்கத் துணியை மடித்து இஸ்திரி போட்ட மடிப்புக்கோடே போதும். அடுத்த வரிசையைப் பாதிக் கட்டை கீழே இறக்கி ஆரம்பித்தால், கட்டம் கட்டமாகத் தெரியாமல் இலைகள் கலந்து விழும். காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரிப் பெட்டி. என் மைக்கு 150 டிகிரியில் நான்கைந்து நிமிடம். உங்கள் மை டப்பாவில் வேறு கணக்கு இருந்தால் அதையே கேளுங்கள்.

துவைப்பைப் பற்றி இரண்டு வருட அனுபவம்தான் எனக்கு, அதுவும் பருத்தியில் மட்டும். சன்னல் திரை அப்படியே இருக்கிறது. தினம் உரசும் தலையணை உறை மடிப்புகளில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. பிக்மென்ட் இழையின் மேல்தான் உட்கார்கிறது என்பதால் இதை எதிர்பார்க்கலாம். டிஜிட்டலில் ரியாக்டிவ் சாயம் கேட்டு வாங்கினால் அது பருத்தி இழையோடு வேதியியலாகவே பிணைந்துவிடும். உரசலில் அதுதான் தேறும். பட்டில் நான் கை வைத்ததே இல்லை.

அடுத்து ஐந்து நிறத்தில் ஒரு மெத்தை விரிப்பு வரைந்து வைத்திருக்கிறேன். ஐந்து கட்டை செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று பொருத்த எனக்குப் பொறுமை கிடையாது. அதை மட்டும் ஃபைலாக அனுப்பப்போகிறேன், இந்தத் தடவை ஓரங்களைப் பார்த்துவிட்டு.