தோட்டா ரீலோடிங்: எட்டு வருட அனுபவம்

சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து மறுபடியும் தோட்டாவாக்கும் வேலையில் இறங்கி எட்டு வருடம் ஆகிறது. காசு மிச்சமாகும் என்றுதான் ஆரம்பித்தேன். தோட்டா ஒன்றுக்கு ஆகும் செலவு குறைந்தது உண்மை. அந்தத் தைரியத்திலேயே இரண்டு மடங்கு சுட ஆரம்பித்துவிட்டேன். மிச்சம் எங்கே?

கூடு, பிரைமர் (கூட்டின் அடியில் அமர்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு என்ற நான்கில் திரும்பக் கைக்கு வருவது கூடு மட்டும்தான். அதுவும் பாக்ஸர் வகையாக இருக்க வேண்டும், அதாவது பிரைமர் குழியின் நடுவே ஒரே துளை. பெர்டான் வகையில் வழக்கமாக இரண்டு துளைகள், நடுவில் இருக்காது. இது தெரியாமல் முதல் மாதமே டையில், அதாவது கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில், பழைய பிரைமரைத் தள்ளும் ஊசியை வளைத்து வைத்தேன்.

டையை மாட்டிக் கைப்பிடியால் இயக்க ஆரம்பத்தில் வாங்கிய சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் இன்னும் மேசையில் இருக்கிறது. ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான் செய்யும், ஆனால் ரைஃபிள் தோட்டாவுக்கு எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. பிறகு வாங்கிய, ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் புரோகிரஸிவ் பிரஸ் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மட்டும். ஒருமுறை எண்ணெய் தடவ மறந்து .308 ரைஃபிள் கூட்டை டைக்குள் ஏற்றிவிட்டேன். கைப்பிடியைத் திரும்ப இழுத்ததும் கூட்டின் விளிம்பு பிய்ந்துகொண்டு வந்தது. அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் கொடுத்து இழுத்து எடுப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போயிற்று. கைத்துப்பாக்கியின் நேர்ச்சுவர்க் கூடுகளுக்கு கார்பைட் என்ற மிகக் கடினமான பொருளில் செய்த டை இருந்தால் இந்த எண்ணெய்த் தொல்லையே இல்லை.

உண்மையில் பணம் போட வேண்டிய இடம் தராசு. மருந்தை கிரெயினில் அளப்போம். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். என் முதல் டிஜிட்டல் தராசு மின்விசிறி ஓடினால் ஒரு எண், நிறுத்தினால் வேறு எண் காட்டும். இப்போது பீம் தராசுதான். காற்றில்லாத மூலையில் வைத்து, எடைக்கல்லைப் போட்டுச் சரிபார்த்த பிறகே மருந்து டப்பாவைத் திறப்பேன். மேசையில் ஒரே ஒரு டப்பாதான் இருக்கும். மருந்தளவுக் கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்குவேன். நண்பன் சொன்ன கணக்கெல்லாம் அவன் துப்பாக்கிக்கு.

ஐம்பது கூடுகளைத் தட்டில் நிறுத்தி மருந்து போட்டதும், குண்டு பொருத்துவதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு நாள் நாற்பத்தொன்பதில் சாம்பல் நிற மட்டம் தெரிந்தது, ஒன்றில் பித்தளையின் அடி பளபளத்தது. அது அப்படியே போயிருந்தால் பிரைமரின் வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதியில் நின்றிருக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். அன்று விளக்கை அணைத்துவிட்டு எழுந்துபோனேன். தூக்கக் கலக்கத்தில் செய்கிற வேலையா இது? ரேடியோகூட வேண்டாம்.

அப்புறம் ஈயம். கூடுகளை டம்ளர் என்ற சுழல் இயந்திரத்தில் சுற்றிச் சுத்தம் செய்யும்போது வரும் தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கும். வெளியில் வைத்துச் சுற்றுகிறேன். கை கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை. உரிம விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், பிரஸ் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கூட்டுக்கும் ஆயுள் உண்டு. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடிப்பக்கமாக இழுத்துப் பார்ப்பேன். நுனி எங்காவது பள்ளத்தில் சிக்கினால் சுவர் மெலிந்துவிட்டது, அடுத்த சூட்டில் கூடு இரண்டாகப் பிரியலாம். போன வாரம் அப்படி ஐந்து அகப்பட்டன. மறுபடியும் டப்பாவுக்குள் போய்விடக் கூடாதென்று ஐந்தின் வாயையும் குறடால் நசுக்கிப் போட்டேன்.